பழைய நாதஸ்வரத்தில் வெடிப்பு, திருத்துபவர் யாராவது?

வணக்கம். நான் கல்லடியில் இருக்கிறேன். பழைய ஊதுகருவிகள் சேர்க்கும் பைத்தியம் எனக்கு.

போன மாதம் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டில், அலுமாரிக்கு மேல் கிடந்த நாதஸ்வரம் ஒன்று கிடைத்தது. நீளம் குறைவு, திமிரி என்ற குட்டை வகை என்றுதான் நினைக்கிறேன். ஆச்சா மரம் போலக் கனக்கிறது. விரல் துளை ஏழும் கீழே உள்ள ஐந்தும் சுத்தம். ஆனால் அடியில் புனல் போல விரியும் அணசுக்குக் கிட்ட தலைமயிர் மாதிரி ஒரு வெடிப்பு. வாயில் வைத்து ஊதும் சீவாளி இல்லை, அதைச் செருகும் கெண்டையும் ஆடுகிறது.

கோயிலில் வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். “தம்பி, எண்ணெய் பூசித் துணியில சுத்தி வையுங்க, அவசரப்பட்டு ஊதாதீங்க” என்றார். சரி, வெடிப்பை யார் அடைப்பது? பசை ஊற்றச் சொன்னார்கள், மனம் வரவில்லை. காரைதீவு, கல்முனைப் பக்கம் கை பழகியவர் இருந்தால் சொல்லுங்கள். யாழ்ப்பாணம் என்றாலும் கொண்டுபோவேன்.

அப்புறம், பழைய கிளாரினெட் ஒன்றும் வாங்கி ஏமாந்தேன். கட்டையில் ‘எச்.பி.’ என்று பொறித்திருந்தது. ‘ஹை பிட்ச்’, அதாவது அந்தக் காலத்து உயர்ந்த சுருதி; ‘ஏ’ ஸ்வரம் இன்றைய 440 ஹெர்ட்ஸ் இல்லை, 452 அளவில் வரும். ஆர்மோனியத்தோடு ஒட்டவே ஒட்டாது. வாங்குபவர்கள் முதலில் அந்த எழுத்தைப் பாருங்கள். யாருக்காவது அது வேண்டுமென்றால் சீவாளிக்கு மாற்றாகத் தரவும் தயார்.