கலைச்சொல்: சிற்றாலயத்துக் 'கேலரி' – உப்பரிகையா, படிமாடமா?

வணக்கம்.

இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்த சபையார் 1689ஆம் ஆண்டுச் சகிப்புச் சட்டத்துக்குப் பிறகு கட்டிய சிற்றாலயங்களுக்கான சொற்பட்டியலில் 'கேலரி' (உள்ளே மேல்தளத்தில் அமையும் இருக்கைப் பகுதி) மட்டும் முடியாமல் நிற்கிறது. பிரசங்க பீடம், திருவிருந்து மேசை இரண்டும் நம் சபைகளில் வழங்கும் சொற்கள். அவை அப்படியே இருக்கட்டும். கேலரிக்கு 'உப்பரிகை' சரியா?

——

> கேலரிக்கு 'உப்பரிகை' சரியா?

சரிவராது. உப்பரிகையில் நிற்பவர் தெருவைப் பார்ப்பார். இங்கே அமர்ந்திருப்பவர் பிரசங்கியைப் பார்க்கிறார்.

இக்கட்டடங்களின் உயிர் வேத வசனத்தைக் கேட்பதில் இருக்கிறது. பழைய அமைப்பில் பீடம் நீளச் சுவரின் நடுவில், இரண்டு உயர்ந்த ஜன்னல்களுக்கு இடையே நிற்கும். மற்ற மூன்று பக்கமும் கேலரி சூழும். கூடத்தை நீட்டாமலே ஆள் கூட்டலாம், குரலுக்கு எட்டாத தொலைவில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் கேலரியின் தரை சமமாக இருந்தால், பின்வரிசைக்காரருக்கு முன்னிருப்பவர் தலையும் தடுப்புப் பலகையும்தான் தெரியும். அதனால் வரிசைக்கு வரிசை தரையைப் படியாக உயர்த்தினார்கள். பீடம் உயரமாக இருப்பதற்கும் காரணம் இதுவே: கீழிருப்பவர், மேலிருப்பவர் இருவர் கண்ணிலும் பட வேண்டும். 'படி' இல்லாத சொல் இதற்குப் போதாது. என் பரிந்துரை: படிமாடம்.

——

'படிமாடம்' நன்று. ஒரு தயக்கம்: மாடம் என்றதும் விளக்குமாடம் நினைவுக்கு வராதா? 'சூழ்மாடம்' என்றால்?

——

மாடமாளிகை என்கிறோமே, அந்த மாடம்தான். கூட்டுச்சொல்லில் குழப்பம் வராது. 'சூழ்' வேண்டாம். பீடத்துக்கு எதிர்ச்சுவரில் மட்டும் கேலரி உள்ள ஆலயங்களும் உண்டு.

கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன. படிமாடத் தூண்: முதலில் மரம், 19ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு, மெலிந்திருப்பதால் பார்வையை அதிகம் மறைக்காது. படிமாட உத்திரம்: ஈரச் சுவருக்குள் புதைந்த நுனிதான் முதலில் உளுக்கும், மேலே பலகை நல்ல நிலையில் தெரிவதால் ஆய்வில் தப்பிவிடும். நுனியைத் திறந்து பார்க்காமல் 'உறுதி' என்று எழுதக் கூடாது. தூணின் அடிக்கல் இறங்கினால் முன்விளிம்பு பீடத்தை நோக்கிச் சாயும்.

ஜன்னலையும் மறக்க வேண்டாம். படிமாடம் வெளிச்சத்தைக் குறுக்கே வெட்டுவதால் மேலும் கீழுமாக இரு வரிசை ஜன்னல் தேவைப்படும். கட்டடக் கலைஞர் தாமஸ் ஐவரி 1756இல் கட்டி முடித்த, இங்கிலாந்தின் நாரிச் நகர எண்கோண ஆலயத்தில் கீழே 16, மேலே 16, குவிமாடத்தில் 8 ஜன்னல் என்று மெதடிஸ்ட் இயக்கத் தலைவர் ஜான் வெஸ்லி 1757இல் எண்ணிக் குறித்திருக்கிறார். எனவே 'கீழ்வரிசை ஜன்னல்', 'மேல்வரிசை ஜன்னல்' என்பவற்றையும் பட்டியலில் சேர்க்கலாம்.

——

ஏற்கிறேன். பதிவு இப்படி இருக்கட்டும்:

படிமாடம் (பெ.) – சிற்றாலயத்தின் உட்சுவர் ஒரு பக்கத்தையோ பல பக்கங்களையோ ஒட்டி, தூண்கள் தாங்க, பிரசங்க பீடத்தை நோக்கிப் படிப்படியாகத் தாழும் மேல்தள இருக்கைப் பகுதி.