கல்லைப் பார்க்க முதல் துளையைப் பாருங்கள்

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து:

போன மாதம் ஆரையம்பதி ஆச்சி ஒருவர், அறுந்துபோன ஸ்படிக மாலை ஒன்றை லேஞ்சியில் முடிந்துகொண்டு வந்தார். மகன் இந்தியாவுக்கு யாத்திரை போனபோது வாங்கி வந்ததாம். "மகள், இதைக் கோர்த்துத் தா. கோர்க்க முதல் இது ஸ்படிகமா கண்ணாடியா என்று பார். கண்ணாடி என்றாலும் மறைக்காமல் சொல்லு" என்றார்.

கையால் நகை செய்கிற எங்கள் எல்லோரிடமும் இப்படி யாராவது வருவார்கள். அப்படி வந்த கற்களைப் பற்றி, பாசிகளைப் பற்றி இங்கே எழுதுவோம். முதலில் நான் எழுதுகிறேன்.

மணிகளை வெள்ளைத் துணியில் கொட்டி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸோடு வாசல் வெளிச்சத்தில் இருந்து பார்த்தேன். ஸ்படிகம் கையில் எடுத்தவுடன் குளிரும், கண்ணாடி அவ்வளவு குளிராது என்பார்கள். உண்மைதான், ஆனால் எங்கள் சித்திரை வெயிலில் மேசையில் கிடந்த மணியைத் தொட்டு அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. உள்ளே உருண்டையான குமிழி தெரிந்தால் கண்ணாடி என்று வைக்கலாம். இயற்கை ஸ்படிகத்தில் மெல்லிய கீற்றுகளும் புகைமூட்டமும் தெரியும். சில மணிகளில் ஒன்றுமே தெரியாது. அந்த மணிகளில்தான் நான் துளையைப் பார்ப்பேன். அச்சில் வார்த்த கண்ணாடி மணியின் துளை வாய் வழுவழுப்பாக இருக்கும். ஸ்படிகத்தைக் கூர்முனை கொண்டு குடைந்துதான் ஆகவேண்டும். அதனால் துளையின் உட்சுவர் மங்கிய வெள்ளையாகத் தெரியும், வாயைச் சுற்றிப் பொடிச் சில்லுகள் பெயர்ந்திருக்கும். கண்ணாடியையும் குடைந்து விற்கிறவர்கள் உண்டு. ஆகவே குமிழி, துளை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வாய் திறந்து சொல்லலாம்.

ஆச்சியின் மாலையில் பெரும்பாலானவை ஸ்படிகம். நடுவில் சில கண்ணாடி. முன்பு எங்கேயோ அறுந்து, விழுந்த மணிக்குப் பதிலாக யாரோ கைக்கு அகப்பட்டதைச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் சேர்த்தே கோர். இவ்வளவு காலமும் ஒன்றாய்க் கிடந்ததுகள்தானே" என்றார். சரி, அப்படியே கோர்த்தேன். அது அவருடைய முடிவு. தெரிந்துகொண்டு எடுத்த முடிவு என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்த மாலை ஏன் அறுந்தது என்பதும் துளையில்தான் தெரிந்தது. பெயர்ந்த சில்லு வாள் போல நூலை அறுக்கும். கழுத்தில் அசையும் ஒவ்வொரு முறையும் ஒரு இழை போகும். எங்கள் பக்க உப்புக் காற்றும் வேர்வையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நான் கல்மணி எதையும் கோர்க்க முதல், வைரப்பொடி பூசிய சிறு அரத்தைத் துளைக்குள் விட்டுச் சுற்றி வாயை மழுக்குவேன். இதைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் செய்யவேண்டும். காய்ந்த கல்லை உரசினால் பறக்கும் தூசு நெஞ்சுக்குக் கேடு, கல்லும் சூடேறி வெடிக்கலாம்.

முத்துக்கு வேறு முறை. பட்டு நூல், ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு. முடிச்சைத் தளர்வாகப் போட்டு, அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு, முத்தின் வாயோடு ஒட்டும்வரை ஊசியாலேயே நகர்த்திக்கொண்டு போகவேண்டும். ஒட்டியதும் ஊசியை உருவி, நகத்தால் அழுத்தி இறுக்க வேண்டும். முத்தும் முத்தும் உரசாது. அறுந்தாலும் ஒன்றுதான் விழும், மாலை முழுவதும் வாவிக்குள் போகாது. பொறுமை வேண்டும், ஆனால் முடிச்சில்லாத முத்து மாலையை நான் யாருக்கும் கோர்த்துக் கொடுக்க மாட்டேன்.

இங்கே பல பிள்ளைகள் தங்கூசியில், அதாவது மீன்பிடி நைலோன் நூலில் கோர்க்கிறார்கள். எங்கள் வீடுகளில் எப்போதும் கிடக்கிற சாமான், வாங்கத் தேவையில்லை. ஆனால் ஒற்றை இழைத் தங்கூசி வெயில் பட்டால் மடிப்பில் நொறுங்கும், முடிச்சும் வழுக்கும். மீன்பிடிக்காகவே செய்த பின்னிய நூல் வேறு விதம். அதைப் பொடிப் பாசி வேலைக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், நானும் பயன்படுத்துகிறேன். பொடிப் பாசி வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: இலக்கம் கூடக் கூட மணி சிறுக்கும். 11 ஆம் இலக்கம் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர், 15 ஆம் இலக்கம் ஏறக்குறைய ஒன்றரை. நிறம் நிற்குமா என்று பார்க்க, சில மணிகளை நகப்பூச்சு அழிக்கும் அசிற்றோனில் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் சாயம் இறங்கினால், கலியாணத்தில் போடுகிறவரின் வெள்ளைச் சட்டையிலும் இறங்கும்.

துளையைப் பார்ப்பது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. மன்னார்ப் பக்கம் மாந்தையில் தோண்டி எடுத்த மணிகளின் துளைகளை ஆய்வாளர்கள் மின்னணு நுண்நோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய கி.பி. 700 முதல் 1000 வரையான காலத்தில் வைர முனை கொண்டு குடைந்த அடையாளம் அந்தச் சுவர்களில் இருந்தது. குடைந்தவர் யாரென்று எழுத்தில் இல்லை, அவருடைய கை துளைக்குள் இருக்கிறது. இதை வாசித்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வியும் எங்கள் மண்ணுக்குப் புதிது இல்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகி வழக்குரை என்ற காவியத்தைப் படிக்கும்போது கேட்டிருப்பீர்கள். அம்மனின் சிலம்புக்குப் பரலிட நாகமணி தேடி மீகாமன் என்ற கப்பல் தலைவன் கடல் கடந்து வந்து, வெடியரசன் என்ற சிற்றரசனோடு போர் செய்கிறான். அந்தச் சிலம்பை உடைத்துப் பார்க்க முதலே ஓர் உயிர் போய்விட்டது. சடங்கு நாட்களில் அதைக் கேட்கும்போது எனக்கு என் தொழில்தான் நினைவுக்கு வரும்.

பொத்துவிலில் இருந்து ஒரு தம்பி:

அக்கா, நான் அறுகம்பையில் சீசனுக்குச் சின்னக் கடை போடுகிறவன். வெள்ளைக்காரர் வந்தால் முதல் கேட்பது சந்திரகாந்தக்கல். இலங்கையில் அது கிடைப்பது அம்பலாங்கொடைக்குப் பக்கத்தில் மீட்டியாகொடையில் என்று படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். மொத்த வியாபாரி ஒருவர் எனக்குப் பால் நீலத்தில் மினுங்குகிற மணிச்சரம் தந்தார், சந்திரகாந்தம் என்றார். விலை மலிவு. நான் அதை மேசை விளக்குக்கு நேரே பிடித்தேன். கறுப்புத் துணியில் நீலமாக இருந்த மணி, விளக்குக்கு எதிரே செம்மஞ்சளாக மாறிவிட்டது. எல்லா மணியும் ஒரே மாதிரி. அது கண்ணாடி.

உண்மையான கல்லில் அந்த ஒளி மேலே மிதந்து நகரும். கல்லைச் சரிக்கச் சரிக்க ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் போகும், ஒரு கோணத்தில் காணாமலே போய்விடும். கல்லுக்குள் இரண்டு வகைக் களிக்கல் (பெல்ஸ்பார் என்ற கனிமம்) மெல்லிய அடுக்கடுக்காக இருப்பதால் ஒளி அப்படிச் சிதறுகிறது என்று நகைக்கல் படித்த ஒருவர் விளக்கினார். அடிபட்டால் சட்டென்று பிளக்கிற கல் அது. மோதிரத்தைவிடத் தோட்டுக்கும் பென்டனுக்கும் பொருத்தம்.

நான் அந்தச் சரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "கண்ணாடி" என்று எழுதி வைத்தேன். அழகான சாமான்தான், விற்கிறது. சந்திரகாந்தத்தைப் பக்கத்திலேயே வேறு தட்டில் வைத்து, இரண்டையும் கையில் கொடுத்துச் சரித்துப் பார்க்கச் சொல்வேன். பார்த்தவர்கள் பெரும்பாலும் கல்லைத்தான் எடுக்கிறார்கள்.

சம்மாந்துறையில் இருந்து ஒரு ராத்தா:

எனக்கு வந்தது பவளம். ஜித்தாவில் வேலை செய்த நானா ஒருவர் உம்மாவுக்கென்று கொண்டுவந்த மாலை, நல்ல சிவப்பு. அளவு குறைக்கத் தந்தார்கள். வெட்டிப் பிரித்தவுடன் தெரிந்துவிட்டது. வெளியே சிவப்பு, துளைக்குள்ளே வெள்ளை. சாயம் மேலே மட்டும் ஊறியிருக்கிறது. அசிற்றோன் தொட்ட பஞ்சு இளஞ்சிவப்பானது. பவளந்தான், ஆனால் மலிவான வேறு இனத்துக்குச் சாயம் ஏற்றியது. மத்தியதரைக் கடலில் எடுக்கிற சிவப்புப் பவளம் உள்ளேயும் சிவப்பாகத்தான் இருக்கும்.

நானா முகம் வாடிவிடுவாரே என்று எனக்கு மனம் வரவில்லைதான். ஆனாலும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உம்மா போட்டால் கழுத்தில் ஒட்டுமா?" அதற்காக மணிகளைக் கழுவிக் காயவைத்து, நிறம் இறங்குவது நிற்கும்வரை துடைத்துக் கோர்த்துக் கொடுத்தேன். நிறம் கொஞ்சம் வெளிறியது, அவர்களுக்கு அதுவே பிடித்துவிட்டது.

இன்னொன்று. பவளமும் முத்தும் சுண்ணாம்பு இனம். புளி, தேசிக்காய் பட்டால் கரையும். வெள்ளியைத் துலக்குகிற மாதிரித் தேசிக்காய் தேய்த்து முத்தை மங்கவைத்துக் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர். ஈரத் துணியால் துடைத்தால் போதும். அத்தர், சென்ட் எல்லாம் பூசிக் காய்ந்த பிறகு கடைசியாகத்தான் முத்தைப் போடவேண்டும்.

என் மூத்தம்மாவின் கருகமணியும் என்னிடம் இருக்கிறது. நடுவில் பொன்மணி, இரண்டு பக்கமும் கறுப்புப் பாசி. பொன்மணிகளின் துளை வட்டமாக இல்லை, ஒரு பக்கம் நீண்டு போயிருக்கிறது. நூல் ஓடி ஓடித் தேய்ந்த பக்கம் அது. புதிய பொன்மணி சேர்க்கச் சொன்னார்கள், நான் சம்மதிக்கவில்லை.

கல்முனையில் இருந்து, பத்தர் வீட்டுப் பிள்ளை ஒருவர்:

அப்பாவிடம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். வெளிநாட்டில் வாங்கிய சிவப்புக்கல் மோதிரம், மாணிக்கம் என்று விற்றிருக்கிறார்கள். வீட்டில் தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்துத் துலக்கியிருக்கிறார்கள். எங்களிடம் வரும்போது கல்லின் மேலே வெள்ளை வெள்ளையாகக் கீறல் வலை. கல் மாணிக்க இனந்தான். ஆனால் வெடிப்புகளுக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பி, தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியைப் புளி தின்றுவிட்டது. மாணிக்கமும் நீலமும் வைரத்துக்கு அடுத்த கடினம், கடினத்தன்மை அளவில் 9. சும்மா தேசிக்காய்க்கு அசையவே அசையாது. அசைந்தது என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இப்படிப்பட்ட மோதிரத்தில் நெருப்பு வைத்துப் பற்றாசு ஊதவும் கூடாது. அப்பா இப்போது கல் வைத்த எதையும் லென்ஸில் பார்த்து, வந்தவருக்கும் காட்டிய பிறகுதான் கையில் எடுப்பார்.

இன்னொரு விசயம், இது கொஞ்சம் அவசரம். எங்கள் பட்டறையில் பழைய தராசோடு குண்டுமணியும் மஞ்சாடியும் இன்னமும் கிடக்கின்றன, அந்தக் காலத்து நிறைகள். அதைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை குண்டுமணியில் காப்பு செய்யத் துளை போட்டுத் தரச் சொன்னது. செய்யாதீர்கள். குண்டுமணிக்குள் இருக்கும் நஞ்சு கொடியது. முழு விதையை விழுங்கினால் ஓடு உடையாமல் வெளியே போய்விடலாம். துளைத்தாலோ கடித்தாலோ நஞ்சுக்கு வழி திறந்துவிடுகிறது. துளைக்கும்போது பறக்கும் தூசும் ஆபத்து. 2011 இல் இங்கிலாந்தில் பேர்பெற்ற தாவரத் தோட்டம் ஒன்று, தான் விற்ற குண்டுமணிக் காப்புகளை ஆபத்து என்று திரும்பக் கேட்டு வாங்கியது. சிவப்பு விதைதான் வேண்டுமென்றால் மஞ்சாடி இருக்கிறது. அதையும் சின்னப் பிள்ளைகளின் வாய்க்கு எட்டவிடாதீர்கள்.

கல்லடியிலிருந்து மறுபடியும்:

பத்தர் வீட்டுத் தம்பி, குண்டுமணி பற்றி எழுதியதற்கு மெத்தப் பெரிய நன்றி. பாடசாலைக் கைப்பணிக்கு அதைக் கொண்டுவரச் சொல்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், இதை அவர்களிடமும் காட்டுங்கள்.

ராத்தா, அந்தக் கருகமணிக்குப் புதுப் பொன் சேர்க்காமல் விட்டது மிகச் சரி. தேய்ந்த துளையில் மெல்லிய நூல் ஒரு பக்கமாகச் சாயும். பட்டு நூலை இரட்டையாக விட்டுப் பாருங்கள், கொழுக்கி வரும் இடத்தில் நூலை மூடச் சுருள் கம்பி போடுங்கள். முதலில் அறுகிற இடம் அதுதான்.

தனிச் செய்தியில் கேட்டிருந்தவர்களுக்கு: நீலம், மாணிக்கம், வைடூரியம் போன்ற விலைக்கற்களை லென்ஸ் வைத்துக்கொண்டு நாங்கள் தீர்மானிக்கக் கூடாது. சூடேற்றி நிறம் கூட்டிய நீலத்தை வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் நாட்டுக் கெவுடாக் கற்கள் பாலாக இருந்து சூட்டில் நீலமானவை, சந்தையில் நிறைய இருக்கின்றன. அது ஏமாற்று இல்லை, சொல்லாமல் விற்பதுதான் ஏமாற்று. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சான்றிதழ் எடுங்கள். சான்றிதழ் இல்லாத கல்லை என்னிடம் பதிக்கத் தந்தால் பற்றுச்சீட்டில் "வாடிக்கையாளர் தந்த நீலநிறக் கல்" என்றுதான் எழுதுவேன். சிலருக்கு அது கோபம். ஆனாலும் அப்படித்தான் எழுதுவேன்.

வாகரை, திருக்கோவில் பக்கம் ஊரியிலும் சிப்பியிலும் மணி செய்கிறவர்கள் இருந்தால் எழுதுங்கள். சிப்பி வெடிக்காமல் எப்படித் துளைக்கிறீர்கள், தண்ணீர் மட்டும் போதுமா, அடியில் என்ன வைத்துப் பிடிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்.