மூடிய தியேட்டரை வரைந்த அனுபவம்

மூடிக் கிடக்கும் பழைய ஒற்றைத் திரை அரங்குகளைச் சில வருடங்களாக வரைந்து வருகிறேன். பென்சில், கறுப்பு மை, கொஞ்சம் வாட்டர் கலர், ஓர் அளவு டேப். இடிக்க நாள் குறித்துவிட்ட ஒரு சிற்றூர்த் தியேட்டரில் கிடைத்த அனுபவத்தை எழுதுகிறேன். உரிமையாளர் குடும்பம் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரும் தியேட்டர் பெயரும் வேண்டாம்.

இடிபடப் போகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் வந்து முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். முகப்பு அழகுதான். ஆனால் ஒரு தியேட்டர் எப்படி நடந்தது என்பது முகப்பில் இல்லை. மதுரை தங்கம் தியேட்டர் 1952இல் திறந்தது. இரண்டாயிரத்து ஐநூறு பேருக்கு மேல் உட்காரலாம், ஆசியாவிலேயே பெரியது என்று பேசப்பட்டது. இன்று அது இல்லை. அதைப் பற்றி என் கண்ணில் பட்ட படங்களெல்லாம் வாசலோடு நின்றுவிடுகின்றன. அதனால்தான் நான் உள்ளேயிருந்து தொடங்குவேன்.

இங்கே தொடங்கியது டிக்கெட் கவுண்டரில். ஓர் ஆள் மட்டும் போகிற அகலத்தில் நீளமான சந்து, தலைக்கு மேல் இரும்புக் கம்பி. முடிவில் சுவரில் ஒரு பொந்து. காசை மூடிய கையை உள்ளே விட்டு, டிக்கெட்டோடு வெளியே இழுக்க வேண்டும். பொந்தின் கீழ்விளிம்பில் சிமெண்ட் வழுவழுவென்று தேய்ந்து நடுவில் பள்ளமாகியிருந்தது. பக்கத்தில் பெண்கள் கவுண்டர். அதன் பள்ளம் மட்டும் ஓரமாக ஒதுங்கியிருந்தது. அங்கே டிக்கெட் கிழித்த அம்மாவிடம் கேட்டேன். “இடுப்புல புள்ளய வச்சுக்கிட்டுத்தானே வருவாங்க தம்பி, ஒருக்களிச்சு நின்னுதான் கைய நீட்டுவாங்க” என்றார். இரண்டு பொந்துகளையும் உள்ளபடியே, அதே அளவில் வரைந்தேன். கவுண்டரைப் படம் எடுத்தவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால் அந்தத் தேய்மானத்தைக் கோடு கோடாகப் போட உட்கார்ந்ததால்தான் கேள்வியே எழுந்தது.

முகப்பின் பெயர் சிமெண்டில் புடைப்பாகச் செய்த எழுத்து. கொத்தனார் கைப்பட வளைத்த எழுத்து, எந்தக் கம்ப்யூட்டர் எழுத்துருவிலும் அது கிடையாது. சாரம் கட்டி ஏறி, தாளை வைத்து அழுத்தி, மேலே பென்சில் கரியால் தேய்த்து எடுத்தோம். நாணயத்தின் மேல் தாள் வைத்துத் தேய்ப்போமே, அதே வேலைதான். சுவரைச் சுரண்டினால் வெளிர்பச்சை, அதற்கடியில் ரோஸ், அதற்கடியில் மஞ்சள். மூன்றையும் பகல் வெளிச்சத்தில் கலந்து பார்த்துத் தாளோரத்தில் தீற்றி வைத்திருக்கிறேன்.

ஆபரேட்டர் அறைக்கு வெளியிலிருந்து தனிப் படிக்கட்டு. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தீப்பிடித்தால் அணைவது கடினம். கோடாக் நிறுவனம் 1951இல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது, ஆனால் அந்தப் பயம் கட்டடங்களில் தங்கிவிட்டது. தனி வழி, தடித்த சுவர், ஒளி போகும் துவாரங்களுக்கு மேல் தீ வந்தால் சட்டென்று விழும் இரும்புத் தகடு. துவாரங்கள் இருந்தன, தகடு ஒன்று துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருந்தது. புரொஜக்டர்கள் இல்லை. டிஜிட்டல் வந்தபோதே எடைக்குப் போட்டுவிட்டார்கள். தரையில் போல்ட் துளைகள் மட்டும் மிச்சம்.

அங்கே வெகுகாலம் வேலை பார்த்த ஆபரேட்டர் ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தோம். படியேற அவருக்குச் சிரமமாக இருந்தது. உள்ளே வந்ததும் துளைகளைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவில் போய் நின்றார். “இது ஒண்ணாம் மெஷின் தம்பி, அது ரெண்டு” என்று ஆரம்பித்தவர், இல்லாத மெஷினை ஓட்டியே காட்டினார். இடது கையால் கார்பன் குச்சியைத் திருகி முன்னே தள்ளினார். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் மின்சார நெருப்புதான் பழைய புரொஜக்டருக்கு வெளிச்சம். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், விட்டால் திரை மங்கும். கறுப்புக் கண்ணாடி வழியாக நெருப்பைக் குனிந்து பார்த்தார். இரண்டாயிரம் அடி ரீல் இருபத்திரண்டு நிமிடம் ஓடும். அது முடிகிற நேரம் திரையின் வலது மேல்மூலையில் ஒரு பொட்டு வரும், அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். இரண்டாவது பொட்டில் இந்த மெஷினின் ஒளியை மூடி அடுத்ததன் ஒளியைத் திறக்க வேண்டும். “கீழ உக்காந்திருக்கவனுக்குத் தெரியவே கூடாது” என்றார்.

“கொஞ்சம் அப்படியே நில்லுங்க ஐயா” என்று பலமுறை நிறுத்தச் சொன்னேன். அவர் கை எந்த உயரத்தில் நின்றது, முழங்கை எவ்வளவு மடங்கியது, எங்கே குனிந்தார் என்பதையெல்லாம் டேப் வைத்து அளந்தேன். போல்ட் துளைகளிலிருந்து மெஷின் நின்ற இடமும், அவர் கையிலிருந்து பிடிகளின் உயரமும் கிடைத்தன. நான் வரைந்தவற்றில் எனக்கு மிகப் பிடித்த தாள் அதுதான். மெஷினைப் புள்ளிக்கோட்டில் போட்டு, அவரை மட்டும் முழுக் கோட்டில் போட்டிருக்கிறேன்.

மியூனிக்கைச் சேர்ந்த ஹாபிட்ஸ், சோகே என்ற இரு கலைஞர்கள் 2010களின் தொடக்கத்தில் தென்னிந்தியத் தியேட்டர்களைத் தேடித் தேடிப் படம் பிடித்தார்கள். நம் ஊர்க் கொத்தனார்களும் மேஸ்திரிகளும் போட்ட வளைவுகளையும் வண்ணங்களையும் கட்டடக் கலையாகவே மதித்து எடுத்த படங்கள் அவை. வெளியிலிருந்து வந்தவர்கள் அவ்வளவு செய்திருக்கும்போது, நாம் பேசக்கூடிய மொழியில் ஆபரேட்டரிடமும் டிக்கெட் கிழித்தவரிடமும் கேட்டு வாங்க வேண்டியது இன்னும் ஏராளம் இருக்கிறது. தென்னிந்திய சினிமா முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால் தியேட்டரின் பெயர் ஒரு சாலைக்காவது நிலைத்தது. சிற்றூர்த் தியேட்டர்களில் பலவற்றுக்கு அதுவும் கிடைக்காது.

தாள்களின் பிரதிகளை உரிமையாளர் குடும்பத்துக்கும் கிளை நூலகத்துக்கும் கொடுத்தோம். ஆபரேட்டர் ஐயாவுக்கு அவர் நிற்கும் தாளின் நகல்.

வரையப் போகிற நண்பர்களுக்கு இரண்டு விஷயம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்ட கட்டடத்தில் உள்ளே பகலிலும் இருட்டு, பால்கனிப் பலகைகள் உளுத்திருக்கும், தனியாகப் போகாதீர்கள். அளவுகளையும் சொன்னவர் சொன்ன வார்த்தைகளையும் அந்தப் படத்தின் ஓரத்திலேயே எழுதுங்கள். தனி நோட்டில் எழுதினால் பத்து வருடத்தில் நோட்டு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் போய்விடும்.