சிறு தீவிலிருந்து நீளும் மேகக் கோடு அகச்சிவப்புப் படத்தில் ஏன் மறைகிறது?

அலைமுகில் (கேள்வி)

வணக்கம். ஜப்பானின் ஹிமாவாரி வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் மேற்குப் பசிபிக் படங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். நவ்ரு தீவின் மேற்கே, வெயில் ஏறிய பிறகு, மெல்லிய வெண்கோடு ஒன்று நெடுந்தொலைவு நீள்வது கட்புலப் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அதே நேரத்து அகச்சிவப்புப் படத்தைத் திறந்தால் அங்கே வெறும் கடல்தான் இருக்கிறது. மாறாக, அகச்சிவப்பில் பளீரென்று தெரியும் சில பெரிய திட்டுகள், கட்புலப் படத்தில் அடியிலுள்ள கரையோரம் தெரியும் அளவுக்கு மெலிந்து கிடக்கின்றன. இவற்றுள் எதை நம்பி மழை என்று முடிவு செய்வது?

தென்காற்று

இரண்டுமே உண்மையைத்தான் காட்டுகின்றன. அவை அளக்கும் பொருள்தான் வேறு. கட்புலப் படம் எதிரொளிக்கும் சூரிய ஒளியை அளக்கிறது; ஆகவே தடித்த மேகம் எந்த உயரத்தில் இருந்தாலும் வெண்மையாகத் தெரியும். அகச்சிவப்புப் படம் மேக உச்சியின் வெப்பநிலையை அளக்கிறது; குளிர்ந்தது வெண்மையாகத் தெரியும். வெப்பமண்டலக் கடற்பரப்பு 28 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கையில், ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் முடியும் திரள் மேகத்தின் (பஞ்சுக் குவியல் போன்ற தாழ்ந்த மேகம்) உச்சி அதைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் குளிர்ந்திருக்கும். மைனஸ் 80 வரை காட்டுவதற்காக அமைத்த சாம்பல் நிற அளவில் இந்தச் சிறு வேறுபாடு கண்ணுக்கு எட்டாது. போதாக்குறைக்கு, ஹிமாவாரியின் கூர்மையான கட்புல அலைநீளப் பட்டையில் ஒரு புள்ளி அரை கிலோமீட்டர், அகச்சிவப்பில் 2 கிலோமீட்டர். ஒடுங்கிய மேக வரிசை அந்தப் பெரிய புள்ளிக்குள் கடலோடு கலந்துவிடுகிறது.

நீங்கள் சொல்லும் பளீரென்ற மெல்லிய திட்டுகள் கீற்று மேகங்கள். கடுங்குளிராக இருப்பதால் அகச்சிவப்பில் மிரட்டுகின்றன, மழை தருவதில்லை. இரண்டு படங்களிலும் ஒருசேர வெண்மையாக, கட்புலப் படத்தில் நிழலுடன் புடைத்துத் தெரிவதே கார்திரள் மேகம், அதாவது உயர்ந்தெழும் இடிமேகம். மழையை அங்கே தேடுங்கள்.

வெண்படலம்

இத்துடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தனிப்படம் ஒன்றை மட்டும் பார்த்துத் தீவு உண்டாக்கிய மேகத்தையும் கடந்து செல்லும் மேகத்தையும் பிரித்தறிவது அரிது. பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வரும் படங்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். நவ்ருவின் கோட்டில் ஒவ்வொரு மேகத் துணுக்கும் மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் கோட்டின் தலை தீவைவிட்டு விலகாது. வெறும் 21 சதுர கிலோமீட்டர் நிலம் வெயிலில் சூடேறி, தன்மேல் வீசும் கிழக்குக் காற்றை விடாமல் மேலெழுப்புவதன் அடையாளம் அது. அங்கிருந்த வானிலைக் கருவிகளின் அளவீடுகளைத் தீவின் இந்த மேகமே திரிக்கிறதா என்பதை அறியத் தனி ஆய்வு நடத்த வேண்டியிருந்தது என்றால் அதன் வலிமையை உணரலாம்.

உயர்ந்த தீவுகளின் கதை வேறு. ஹவாயில் வியாபாரக் காற்றின் (கிழக்கிலிருந்து இடைவிடாது வீசும் வெப்பமண்டலக் காற்று) மேல், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உயரத்தில், வெப்பத் தலைகீழ் மாற்ற அடுக்கு, அதாவது உயரே செல்லச் செல்லக் குளிராமல் வெப்பம் கூடும் அடுக்கு, மூடிபோல் அமர்ந்திருக்கிறது. அங்குள்ள மௌனா கேயா மலையோ 4,207 மீட்டர். காற்று அதைத் தாண்ட இயலாமல் இருபுறமும் பிரிந்து செல்வதால், ஹீலோ நகரம் இருக்கும் கிழக்குச் சரிவில் மேகம் குவிகிறது. மேற்கே தெளிந்த கடல் நீள்கிறது. ஹவாய்த் தீவுகள் காற்றைத் தடுப்பதால் அவற்றின் பின்னால் உண்டாகும் காற்று மறைவின் தாக்கம் மேற்கே சுமார் 3,000 கிலோமீட்டர் வரை நீள்வதை 2001-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. தாழ்ந்த திரள் படை மேகங்கள் (விரிப்புப்போல் பரவிய தாழ்மேகம்) பரவியிருக்கும் இடத்தில் இத்தகைய மலைத்தீவு இருந்தால், மெக்சிகோவின் சொக்கோரோ தீவுக்குப் பின்னால் தெரிவதுபோல, மாறி மாறி எதிரெதிர்த் திசையில் சுழலும் கார்மன் சுழிகளைக் காணலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு: சூரிய ஒளி கடலில் பட்டுத் தெறிக்கும் பகுதியில், மலைக்குப் பின்னால் காற்றின்றி அமைதியாகக் கிடக்கும் நீர் வெண்பட்டையாக மின்னி மேகம்போல் ஏமாற்றும்.

தென்காற்று

பெரிய, தாழ்வான தீவுகளுக்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வடக்கேயுள்ள டிவி (Tiwi) தீவுகளைப் பாருங்கள். பருவமழைக்கு முந்தைய மாதங்களில், எதிரெதிர்க் கரைகளிலிருந்து வரும் கடற்காற்றுகள் பிற்பகலில் நடுவே மோத, ‘ஹெக்டர்’ என்று பெயர் பெற்ற இடிமேகம் எழுகிறது. சில வேளைகளில் அது 20 கிலோமீட்டர் உயரத்தை நெருங்குகிறது. செயற்கைக்கோள் சாய்வாகப் பார்ப்பதால் இத்தனை உயரமான உச்சி, உண்மையான இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தென்மேற்கே தள்ளித் தெரியும். மழை எந்தக் கரையில் பெய்கிறது என்று சொல்லும்முன் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அலைமுகில்

மிக்க நன்றி. ஓட்டிப் பார்த்தேன், கோட்டின் தலை தீவிலேயே நிற்கிறது. கட்புலப் படம் இல்லாத இரவில் தாழ்ந்த மேகத்தை எப்படிக் காண்பது?

வெண்படலம்

3.9 மைக்ரோமீட்டர், 10.4 மைக்ரோமீட்டர் ஆகிய இரு பட்டைகளின் வெப்பநிலை வேறுபாட்டுப் படத்தைத் திறவுங்கள். நீர்த்துளி மேகம் முதல் பட்டையில் குறைவாகவே கதிர்வீசுவதால் இரண்டுக்கும் இடையே வேறுபாடு காட்டும். கடல் அநேகமாகக் காட்டாது. பரந்த படை மேகத்துக்கு இது நன்றாகப் பயன்படுகிறது. சிதறிய சிறு திரள் மேகங்களுக்கு அவ்வளவாக உதவாது. நவ்ருவைப் பொறுத்தவரை, தரை குளிர்ந்ததும் கோடும் அற்றுப்போவதால், இரவில் அதைத் தேட வேண்டிய தேவை இராது.