களிக்கு மாறியும் அம்மாவுக்குச் சுகர் இறங்கவில்லை, ஏன்?

ஏரியூர்_பையன்
அம்மாவுக்கு வயது 56. சில வருடங்களாகச் சுகர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடுகிறார். போன முறை மூன்று மாத சராசரி, அதான் ஹெச்பிஏ1சி, 8.4 வந்தது. அரிசிதான் காரணம் என்று முடிவு செய்து மதியமும் இரவும் களிக்கு மாற்றிவிட்டோம். ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரும் திட்டத்தை 2023-ல் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில்தானே தொடங்கினார்கள், அதுவும் கைகொடுத்தது. ஆனால் மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 250-ஐ ஒட்டியே நிற்கிறது. அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறோம். அதற்குள் சாப்பாட்டில் எதை மாற்றலாம்? களி சுகருக்கு நல்லது என்று ஊரே சொல்கிறதே?

களித்துடுப்பு
ஊர் சொல்வதில் தப்பில்லை தம்பி. எங்கள் தாத்தா காலத்தில் அரிசிச் சோறு பண்டிகைக்கு மட்டும்தான், மற்ற நாளெல்லாம் களியும் கூழும். வீட்டில் ஒருத்தருக்கும் சுகர் கிடையாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு நார்ச்சத்து 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கூட இல்லை. சுண்ணாம்புச் சத்து 350 மில்லிகிராம் பக்கம். பாக்கெட்டில் வரும் பவுடர் மாதிரியான மாவுதான் கெடுக்கிறது. ராகியைக் கழுவிக் காயவைத்து, மில்லில் கொரகொரப்பாக அரைத்து, சலிக்காமல் கிண்டச் சொல்லுங்கள்.

அதியமான்கோட்டை_வாசி
தாத்தாவுக்குச் சுகர் இருந்ததா என்று யார் குத்திப் பார்த்தது? அதை விடுங்கள். பையன், இரண்டு கேள்வி. ஒரு வேளைக்கு எத்தனை உருண்டை? களியில் அரிசி நொய் போடுகிறீர்களா?

ஏரியூர்_பையன்
நொய் போடாமல் களி எப்படிங்க சேரும்? உருண்டை இரண்டு. தொட்டுக்கொள்ளப் பெரும்பாலும் புளிக்குழம்பு, சில நாள் கீரை.

அதியமான்கோட்டை_வாசி
சரி, கணக்குப் போடுவோம். நம் ஊர் உருண்டை ஒன்றுக்கு மாவு 100 கிராம், நொய் 25 கிராம் என்று வையுங்கள். ராகி மாவில் மாவுச்சத்து 67 கிராம் போல, நொய்யில் 20 கிராம் போல. ஓர் உருண்டைக்கு 85-ஐத் தாண்டுகிறது. இரண்டு உருண்டைக்கு 170. நாள் முழுக்க 1500 கலோரி சாப்பிடுகிற ஒருவர் அதில் பாதியை மாவுச்சத்தாக எடுத்தாலே மொத்தம் 190 கிராம் வாக்கில்தான் வரும். உங்கள் அம்மா ஒரு மதியத்திலேயே ஒரு நாள் கோட்டாவைக் கிட்டத்தட்ட முடித்துவிடுகிறார். கூட வருவது புளித்தண்ணீர். 250 வராமல் என்ன வரும்?

2025 செப்டம்பரில் நேச்சர் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்கிற, நாடு முழுக்கச் சுகரைப் பற்றி எடுத்த ஆய்வு ஒன்று வந்தது. நம் நாட்டில் சராசரியாகக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்தால் மட்டும் சுகர் வரும் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்கிறார்கள். மாவுச்சத்தில் கொஞ்சத்தைக் குறைத்து அங்கே பருப்பு, பால் வகைப் புரதத்தை வைத்தவர்களிடம்தான் அபாயம் குறைவு. தானியத்தை மாற்றியது போதாது, தட்டை மாற்ற வேண்டும்.

களித்துடுப்பு
அது ஆட்களிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டு எடுத்த கணக்கு. இதனால் இது வந்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, உங்களுக்கும் தெரியும். அதில் சிறுதானிய மாவு என்று இருப்பது எது? சலித்த மாவா, தவிட்டோடு இருந்த மாவா? ராகியின் தோலில்தான் நாரும் துவர்ப்புச் சத்தும் இருக்கிறது. தோலை நீக்கிவிட்டு ராகியைக் குற்றம் சொல்வது நியாயமா? நொய்யைக் குறைக்கச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். பழைய ஆட்கள் இரண்டு உருண்டை தின்றுவிட்டு ஏர் பிடித்தார்கள், கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். அம்மா சாப்பிட்டுவிட்டு சீரியல் பார்த்தால் அதுக்குக் களி என்ன பண்ணும்?

அதியமான்கோட்டை_வாசி
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஏர் இல்லை, கவலை இல்லை, உருண்டை மட்டும் அதே அளவில் இருக்கிறது. தவிட்டோடு அரைத்தாலும் மாவுச்சத்து அப்படியே காணாமல் போவதில்லை, ஏறும் வேகம் கொஞ்சம் மட்டுப்படும். அவ்வளவுதான்.

ஓசூர்_நைட்ஷிப்ட்
அரை உருண்டையா ஒரு உருண்டையா என்று எதற்கு இந்தப் பஞ்சாயத்து? தானியத்தையே தூக்கிப் போடுங்கள். முட்டை, பனீர், கறி, காய். நான் அப்படித்தான் இருக்கிறேன், மாத்திரையே இல்லை. பிரிட்டனில் டைரக்ட் என்று ஓர் ஆய்வு, 2017-ல் வெளியானது. ஒரு நாளைக்கு 850 கலோரி அளவில் சில மாதம் வைத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். வாழ்நாள் நோய் என்று சொல்லிச் சொல்லியே நம்மைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அதியமான்கோட்டை_வாசி
முழுசாகச் சொல்லுங்கள் தம்பி. அதில் சேர்த்தது சுகர் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை, இன்சுலின் போடாதவர்களை. வேலை செய்தது எடைக் குறைப்பு. கொடுத்ததும் கறி, பனீர் இல்லை, சாப்பாட்டுக்குப் பதிலாக அளந்த பானம். அந்த 850 கலோரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான்.

ஊர்_நர்ஸ்
நைட்ஷிப்ட் தம்பி, உங்களுக்கு நல்லபடியாக இருந்தால் சந்தோஷம். ஆனால் மாத்திரை போடுகிற ஒருவரிடம் "தானியத்தைத் தூக்கிப் போடுங்கள்" என்று இப்படிப் பொதுவில் எழுதாதீர்கள். ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பையன், அம்மா போடும் கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். இரண்டு உருண்டையிலிருந்து திடீரென்று ஒன்றுமில்லை என்று இறங்கினால் சுகர் 70-க்குக் கீழே போய் வியர்த்து, கை நடுங்கி, மயக்கம்கூட வரலாம். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தப் பயம் ரொம்பக் குறைவு. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் வேறு சிக்கல். அவற்றைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால், சுகர் பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்து ஐசியு வரை போக வாய்ப்பு உண்டு. குறைப்பது நல்லதுதான். மாத்திரையும் கூடவே குறைய வேண்டியிருக்கலாம், அதை டாக்டர் குறைக்கட்டும்.

இன்னொன்று. புரதம் புரதம் என்கிறீர்களே, கிட்னி எப்படி இருக்கிறது என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை. கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமினும் பார்த்து வருடம் ஆகியிருந்தால் அடுத்த வாரமே பாருங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கு மாத்திரை கொண்டு வரும் அந்தப் பெண்ணிடம் கேட்டால், இந்தச் சோதனைக்கு எந்த நாளில் எங்கே போகலாம் என்று சொல்வார்.

தட்டைப் பற்றிக் கேட்டால், ஓர் உருண்டை, அதையும் சின்னதாகப் பிடியுங்கள். நொய்யைப் பாதியாக்குங்கள். புளிக்குழம்பை விட்டுவிட்டுப் பச்சைப்பயறு கடைசல், கொள்ளு, அவரைக்கொட்டைக் குழம்பு, இல்லாவிட்டால் முட்டை. முதலில் கீரையும் கடைசலும் கொஞ்சம் சாப்பிட்டு அப்புறம் களி. இந்த வரிசைக்கே சாப்பாட்டுக்குப் பின் ஏறுவது குறைகிறது. களியை மெல்லாமல் விழுங்குவதுதான் நம் ஊர் வழக்கம், அதனால் வயிறு நிறைந்தது தெரிவதற்குள் இரண்டாவது உருண்டை இறங்கிவிடும். சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் நடக்கட்டும்.

மாந்தோப்பு_பர்கூர்
எல்லோரும் களிக்குச் சண்டை போடுகிறீர்கள். மாம்பழம் சாப்பிடக் கூடாது என்று சொல்லிச் சொல்லி எங்கள் சொந்தக்காரர்களே சீசனில் தோப்புப் பக்கம் வருவதில்லை. அதியமான் சார், அந்தக் கணக்கை மாம்பழத்துக்கும் போட்டுச் சொல்லுங்கள்.

அதியமான்கோட்டை_வாசி
போட்டால் உங்கள் பக்கம்தான் சாயும். மாம்பழச் சதை 100 கிராமில் மாவுச்சத்து, சர்க்கரை எல்லாம் சேர்த்து 15 கிராம் போல. ஒரு சின்ன செந்தூராவில் பாதி அதற்குள்தான் வரும். அந்த இரண்டாவது உருண்டையில் இருப்பது 85.

களித்துடுப்பு
இதுதான் கலிகாலம். களி தின்னாதே, மாம்பழம் தின்னு என்று கிருஷ்ணகிரிக்காரனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு! பழத்தை யார் பாதியோடு நிறுத்துவார்கள்? களியில் வயிறு அடங்கும், மாம்பழத்தில் ஆசை ஏறும். என்னைக் கேட்டால் அந்தக் கணக்கு காகிதத்தில் மட்டும்தான் சரி.

ஊர்_நர்ஸ்
அண்ணன் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. களிக்குப் பதிலாக என்றால் சரி, களி சாப்பிட்ட கையோடு மேலே ஒன்று என்றால் கிடையாது. ஜூஸ், மாம்பழக் கூழ் டின் இரண்டும் வேண்டாம். அப்புறம், ராகி லட்டு, ராகி மால்ட் என்று வெல்லம் போட்டு விற்பதை வாங்கிவிடாதீர்கள். சுகருக்கு வெல்லமும் சீனியும் ஒன்றுதான்.

ஓசூர்_நைட்ஷிப்ட்
நான் சொன்னதில் மாற்றமில்லை. சின்ன உருண்டை என்று ஆரம்பிக்கிறவர்கள் மூன்று மாதத்தில் பழைய உருண்டைக்கே போய்விடுவார்கள்.

ஏரியூர்_பையன்
அக்கா, ஒரு சந்தேகம். அம்மா புரட்டாசி சனிக்கிழமை சாயங்காலம் வரை ஒன்றும் சாப்பிடமாட்டார். அன்றைக்கு மாத்திரை?

ஊர்_நர்ஸ்
அதை இப்போதே டாக்டரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றோடு கிளிமிபிரைடு ஆபத்து. அன்றைக்கு அதை என்ன செய்வது என்று அவர் சொல்வார், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், போடவும் வேண்டாம். விரத நாளில் கை நடுங்கினால் உடனே குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் விரதம் அத்துடன் முடிந்தது. மூன்று ஸ்பூன் சீனி தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கடலை உருண்டை கொடுக்காதீர்கள், அதில் உள்ள எண்ணெய்ச் சத்தால் மெதுவாகத்தான் ஏறும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாந்தோப்பு_பர்கூர்
சீனித் தண்ணிக்குப் பதில் அரை டம்ளர் மாம்பழ ஜூஸ் ஆகாதா அக்கா?

ஊர்_நர்ஸ்
அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் ஆகும்.