ப்ரூஃப் காயினுக்குத் தமிழ்: வியாழனுக்குள் வேண்டும்

நாகர்கோவில் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பள்ளி நாணயக் கண்காட்சியின் விளக்கப் பலகை வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு அமெரிக்கக் கால் டாலர்கள் அருகருகே இருக்கும். இரண்டுமே சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் ப்ரூஃப், அதாவது சேகரிப்பவர்களுக்காகத் தனி மெருகோடு அடித்தவை. ஒன்று 90% வெள்ளி, 6.25 கிராம், மற்றது செம்பு-நிக்கல், 5.67 கிராம். முகத்தை வைத்துப் பிள்ளைகளால் பிரித்தறிய முடியாது. ஓரத்தைத் திருப்பினால்தான் இரண்டாவதில் செம்புக்கோடு சிவப்பாகத் தெரியும். 'மெய்ப்பு நாணயம்' என்று போடலாமா?

தக்கலை:
வேண்டாம் டீச்சர். மெய்ப்பு பிழை திருத்துவதற்கு. இங்கே நடப்பது வேறு: அடிக்கும் அச்சையும் காசாகப்போகும் உலோக வில்லையையும் மெருகேற்றி, இரண்டு முறையாவது அடிக்கிறார்கள். தளம் கண்ணாடியாகவும் உருவம் வெண்பனி படிந்ததுபோலவும் வரும். 'ஆடிக்காசு' என்பேன்.

கருங்கல்:
ஆடி மாதக் காசு என்றல்லவா படிப்பார்கள்! 'ப்ரூஃப் நாணயம்' என்றே இருக்கட்டும். கடையில் கேட்டால் அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

குழித்துறை:
நாணயம் 'நாணக' என்னும் வடசொல்வழி வந்தது, காசுதான் நம்முடையது. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாட்டிலேயே காசு இருக்கிறதே. குறுந்தொகை 67இல் கிளி அலகில் கவ்விய வேப்பம்பழம், பொற்கொல்லன் நகநுனியில் பிடித்த பொற்காசுக்கு உவமிக்கப்படுகிறது. அதைக் கோக்கும் நூலுக்கும் அங்கே 'நாண்' என்றுதான் பெயர். நாணில் கோத்ததால் நாணயம் என்று ஏன் கொள்ளக்கூடாது?

தக்கலை:
அண்ணாச்சி, மேலே வடசொல் என்கிறீர்கள், கீழே தமிழாக்குகிறீர்கள். அந்தக் காசு அணிகலமணி, புழங்குபணம் அல்ல. திருவிதாங்கூரின் சின்ன வெள்ளி நாணயமான சக்கரத்தையே எடுங்கள். 16 காசு ஒரு சக்கரம். அந்தச் சக்கரப் பொடிசுகளை விரலால் எண்ணி மாளாது என்றுதான் குழி போட்ட சக்கரப்பலகை வைத்திருந்தார்கள். சக்கரங்களைக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கொன்றாய் உட்காரும், மிச்சத்தை வழித்துவிட்டால் கணக்கு முடிந்தது.

மார்த்தாண்டம்:
சொல் எதுவானாலும் உலோகத்தை மறைக்கக் கூடாது. நான் சேகரிப்பவன், இதில் ஆள்கள் ஏமாறுவதைப் பார்க்கிறேன். ப்ரூஃப் என்பது அடிக்கும் முறை. அது மட்டும் விலையைத் தூக்காது. செம்பு-நிக்கல் ப்ரூஃப் ஏராளமாக அடிக்கப்பட்டது, பல ஆண்டுத் தொகுப்புகள் வெளியீட்டு விலைக்கே திரும்ப விற்காது. வெள்ளியில், உருக்கி விற்றாலும் கிடைக்கும் விலை என்ற அடிமட்டம் இருக்கிறது. அமெரிக்க நாணயச்சாலை 1992இல் தொடங்கிய வெள்ளி ப்ரூஃப் தொகுப்பில் 2019 முதல் வெள்ளி 99.9%. ஆனால் வெள்ளிதான் எல்லாம் என்றும் எழுதிவிடாதீர்கள். 1975இன், சான்பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் 'எஸ்' எழுத்து விடுபட்ட பத்து சென்ட் ப்ரூஃபில் வெள்ளியே கிடையாது. அறியப்பட்டவை இரண்டே என்பதால் 2019இல் ஒன்று 4,56,000 டாலருக்கு ஏலம் போனது. அரிதாக இருப்பது முதலில், உலோகம் அடுத்து. ஆகவே 'வெள்ளி ஆடிக்காசு', 'அடுக்குலோக ஆடிக்காசு' என்று பிரித்தே போடுங்கள். 'பூச்சு' மட்டும் வேண்டாம். அது முலாம் அல்ல, செம்பின் இருபுறமும் தகடு ஒட்டியது.

கருங்கல்:
அடுக்குலோகம் நல்ல சொல், ஏற்கிறேன். ஆடிக்காசை ஏற்கமாட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாத தூய்மை யாருக்கு?

குழித்துறை:
ஆடி என்றால் கண்ணாடி என்று எட்டாம் வகுப்பில் சொல்லித்தராமல் பிறகு எப்போது சொல்லித்தருவது?

நாகர்கோவில் ஆசிரியை:
ஆடிக்காசுக்கு மூவர், எதிர்ப்பு ஒருவர். 'வெள்ளி ஆடிக்காசு (ப்ரூஃப்)' என்று அனுப்புகிறேன். ஓரம் தெரியும்படி காசைச் சாய்த்து வைக்கத் தாங்கி யாரிடமாவது உண்டா?

கருங்கல்:
என்னிடம் இரண்டு உண்டு, தருகிறேன். என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள்.