பைத்தான் மார்க்டவுனில் தமிழ்த் தலைப்புகளின் ஐடி: யாராவது வழி சொல்லுங்களேன்

நண்பர்களே, வணக்கம். தமிழ்ப் பாடக் குறிப்புகளைப் பைத்தான் மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதிய உரையை வலைப்பக்கமாக்கும் பைத்தான் நூலகம்) வழியாக எச்டிஎம்எல் ஆக்குகிறேன். பொருளடக்கம் உண்டாக்கும் டிஓசி எக்ஸ்டென்ஷனைப் போட்டால் தமிழ்த் தலைப்புகளுக்கெல்லாம் _1, _2 என்றே ஐடி (இணைப்பு வந்து சேர வேண்டிய இடத்தின் பெயர்) வருகிறது. தலைப்பை ஐடியாக மாற்ற உள்ளே இருக்கும் ஸ்லக்கிஃபை ஃபங்ஷன், ஆஸ்கிக்குள் (ஆங்கில எழுத்துகள் அடங்கிய அடிப்படைத் தொகுப்பு) அடங்காத எழுத்துகளைத் தூக்கி எறிந்துவிடுவதுதான் காரணம்.

சரி, யூனிகோட் ஸ்லக்கிஃபைக்கு மாற்றினேன். அது வேறு கூத்து. பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் தேடும் வடிவக் குறிப்பு) எழுத்து, எண்களைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ நம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணுவதில்லை. 'அறிமுகம்' என்பது 'அறமகம' ஆகிறது. 'படம்', 'பாடம்' இரண்டுமே 'படம'. யூனிகோட் வகையில் எல் (எழுத்து), எம் (சேர்க்கைக் குறி), என் (எண்) மூன்றையும் விட்டுவைக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை எழுதி ஸ்லக்கிஃபை ஆப்ஷனில் கொடுத்ததும் இது சரியாகிவிட்டது.

இப்போது சிக்கல் இணைப்புகளில். [[பாடம்]] என்று எழுதினால் அதே பக்கத்தில் உள்ள அந்தத் தலைப்புக்குப் போக வேண்டும். இப்படி இரட்டை அடைப்புக்குறியை இணைப்பாக்கும் விக்கிலிங்க்ஸ் எக்ஸ்டென்ஷனிலும் அதே பேக்ஸ்லாஷ் டபிள்யூதான், அதனால் தமிழ் சிக்குவதே இல்லை. சொந்தமாக இன்லைன் பிராசசர் (வரிக்குள் வரும் குறிகளைக் கையாளும் பகுதி) எழுதினேன். ஆனால் அது ஓடும்போது தலைப்புகளுக்கு ஐடி இன்னும் வந்திருக்காது. டிஓசி அதற்குப் பிறகுதான் ஓடுகிறது. ஒரே தலைப்பு இரண்டு முறை வந்தாலோ, யாராவது கையால் ஐடி கொடுத்திருந்தாலோ, இணைப்பு தப்பான இடத்துக்குப் போகிறது.

இன்லைனில் வெறும் அடையாளம் மட்டும் வைத்துவிட்டு, டிஓசியின் 5-ஐ விடக் குறைந்த முன்னுரிமையில் (அதாவது அதற்குப் பிறகு ஓடும்படி) ஒரு ட்ரீபிராசசரை (உருவான பக்க அமைப்பை மாற்றும் பகுதி) பதிவு செய்து அங்கே முகவரியை நிரப்பலாமா? அல்லது டிஓசி கிளாஸையே நீட்டிப்பது நல்லதா? செய்து பார்த்தவர்கள் இருந்தால் நாலு வரி கோடு காட்டினால்கூடப் போதும்.